விதைநெல்லின் முதல் நாள்கள்: தமிழக நெல் ஆய்வு வரலாற்றில் மணி உருவாக்கமும் மரபணு வெளிப்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

நெற்பூவில் கருவுறுதல் நிகழ்ந்ததைத் தொடர்ந்து வரும் சில நாள்களே மணியின் நிறைவையும் அடுத்த தலைமுறையின் தன்மையையும் உறுதிசெய்கின்றன. இந்நாள்களைப் பற்றிய அறிவு உழவர் வழக்குச் சொற்களில் தொடங்கி, கோயம்புத்தூர் நெல் ஆய்வு நிலையத்தின் அயோடின் சோதனை, சென்னை, டெல்லி ஆகிய இடங்களின் கருவியல் ஆய்வுகள், இன்றைய மரபணு வெளிப்பாட்டு ஆய்வுகள் எனப் படிப்படியாக வளர்ந்துள்ளது. இவ்வளர்ச்சியை வரலாற்று நோக்கில் தொகுத்துரைக்கும் இக்கட்டுரை, அறுவடையில் எடுத்துவைக்கும் நெல் மறுபோகத்திற்கு விதையாகுமா என்னும் கேள்வியோடு அதனை இணைத்து ஆராய்கிறது. ஒரு மரபணு எப்போது, எந்தத் திசுவில், தாய் தந்தை இருவருள் எவர் வழிவந்த படியிலிருந்து இயங்குகிறது என்பதே அக்கேள்விக்கான விடையைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: விதைநெல், கருவூண், மரபணு வெளிப்பாடு, ஜி.இ.பி. 24, வீரிய ஒட்டு நெல், கருவுறா விதையாக்கம், ஐயங்கார்குளம்.

முன்னுரை

காஞ்சிபுரத்தை அடுத்துள்ள ஐயங்கார்குளம் ஏரியால் பெயர்பெற்ற ஊராகும். விசயநகர வேந்தர் காலத்தில் வாழ்ந்த இலட்சுமிகுமார தாத்தாச்சாரியாரோடு தொடர்புபடுத்தப்படும் அவ்வேரி, அவர் பெயராலேயே தாத சமுத்திரம் எனவும் வழங்கப்படுகிறது. அதே வட்டாரத்தைச் சேர்ந்த உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் ஏரி வாரியத்திற்கு உறுப்பினரைத் தெரிவுசெய்யும் முறையை விரித்துரைக்கின்றன. ஏரியைக் காப்பதற்கெனத் தனி வாரியம் அமைத்த இந்நிலப்பகுதியில் வேளாண்மை என்பது பெரும்பாலும் நெல் வேளாண்மையே. சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பருவங்களாக இங்கு நெல் பயிரிடப்படுகிறது.

ஏரிப்பாசன ஊர்களின் வரலாற்றை எழுதியோர் நீரின் வரலாற்றையே மிகுதியும் எழுதியுள்ளனர். கல்வெட்டு, செப்பேடு, வருவாய் ஆவணம் ஆகிய சான்றுகள் நீரையும் நிலத்தையும் வரியையும் பற்றியே பேசுவதால் அது இயல்பானதே. ஆயின் மடை திறந்து பாய்ந்த நீர் மணியாக மாறும் காலம் மிகக் குறுகியது. நெற்பூ முற்பகலில் ஏறத்தாழ ஒரு மணிநேரமே திறந்திருக்கும். அதற்குள் மகரந்தச் சேர்க்கை முடிந்து, சில மணிநேரத்தில் கருவுறுதல் நிகழ்ந்து, அடுத்த பத்து நாள்களுக்குள் கருவின் உறுப்புகள் அனைத்தும் அமைந்துவிடுகின்றன. ஒரு போகத்தின் உழைப்பு முழுவதும் இந்நாள்களைச் சார்ந்து நிற்கிறது. இந்நாள்களில் நிகழ்வதை மனிதர் அறிந்துகொண்ட வரலாறும், அவ்வறிவு விதைநெல்லின் மீதான உழவரின் பிடியை எவ்வாறு மாற்றியது என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன.

சூல், பால், பதர்: வழக்குச் சொற்களில் அடங்கிய அறிவு

நெற்பயிரின் இனப்பெருக்கப் பருவத்தைக் குறிக்கத் தமிழில் நுட்பமான சொற்கள் உள்ளன. கதிர் வெளிவராமல் இலையுறைக்குள் பருத்திருக்கும் நிலை தொண்டைக்கதிர் எனப்படும். கதிர் வெளிவந்து பூத்தபின் மணியை நசுக்கினால் வெண்ணீர் கசியும் நிலை பால் பிடித்தல் ஆகும். கருவுற்ற பெண்ணுக்கும் கருக்கொண்ட மேகத்திற்கும் பயிருக்கும் சூல் என்னும் ஒரே சொல் வழங்குவது, உயிர் உருவாக்கத்தை ஒருமையாகக் கண்ட நோக்கின் வெளிப்பாடாகும். இன்றைய தாவரவியல் பாடநூல்களும் இச்சொல்லையே விதையாக வளரும் உறுப்புக்கு வழங்குகின்றன.

தோல்வியைக் குறிக்கும் சொற்கள் இவற்றினும் கருதத்தக்கவை. உள்ளீடற்ற நெல் பதர் அல்லது பதடி எனப்படும். பயனற்ற சொல்லைப் பாராட்டுவோனைக் குறிக்கத் திருக்குறள் பதடி என்னும் இச்சொல்லையே உவமையாக ஆள்கிறது. அரைகுறையாக நிறைந்த நெல் கருக்காய் எனப்படும். இவ்விரு சொற்களும் களத்தில் நெல்லைத் தூற்றும்போது எழுந்த வேறுபாட்டைக் குறிப்பன. எனினும் இன்றைய கருவியல் காணும் இருவகைத் தோல்விகளோடு இவை பெரிதும் பொருந்துகின்றன. மகரந்தம் செயலிழந்தோ, கருவுறுதல் நிகழாமலோ, கருவுற்ற சில நாள்களிலேயே வளர்ச்சி நின்றோ போனால் பதர் தோன்றும். பூக்கும் வேளையில் வெப்பம் 35 பாகை செல்சியசைக் கடப்பது இதற்கு ஒரு முதன்மைக் காரணமாகும். கருவுறுதல் நன்கு நிகழ்ந்து, பின்னர் மாவுப்பொருள் சேர்வது தடைப்பட்டால் கருக்காய் தோன்றும். தோல்வி நேர்ந்த காலத்தைப் பிரித்தறியும் இவ்வறிவு, அதன் காரணத்தை அறிவதற்கு முன்னரே மொழியில் பதிந்துவிட்டது.

கோயம்புத்தூரில் ஓர் அயோடின் சோதனை

சென்னை மாகாண வேளாண்மைத் துறை 1912ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் நெல் ஆய்வு நிலையத்தைத் தொடங்கியது. அரசுப் பொருளாதாரத் தாவரவியலாளராகப் பணியாற்றிய எப்.ஆர். பார்னெல், ஜி.என். ரங்கசாமி ஐயங்கார், கே. இராமையா ஆகியோருடன் இணைந்து நெல்லின் பண்புகள் தலைமுறைகளுக்குக் கடத்தப்படும் முறையை ஆராய்ந்து 1917ஆம் ஆண்டில் வெளியிட்டார். மெண்டலின் விதிகள் 1900இல் மறுபடியும் கண்டறியப்பட்டு இருபது ஆண்டுகள் நிறைவதற்குள் தமிழகத்தின் தலையாய பயிரில் அவற்றைச் சோதித்த முன்னோடி முயற்சி அது.

அம்முயற்சியின் தொடர்ச்சியாகப் பார்னெல் 1921ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறு குறிப்பு தனிக் கவனத்திற்கு உரியது. நெல்லில் சாதாரண அரிசி, ஒட்டும் தன்மையுள்ள அரிசி என இருவகை உண்டு. அயோடின் கரைசல் பட்டால் முதல்வகையின் மாவுப்பொருள் கருநீலமாகவும் இரண்டாம் வகையினது செம்பழுப்பாகவும் மாறும். இவ்விரு வகைகளையும் கலந்து பெற்ற செடியின் மகரந்தத்தூளில் அயோடினை இட்டபோது ஏறத்தாழப் பாதித் தூள்கள் கருநீலமாகவும் மறுபாதி செம்பழுப்பாகவும் மாறின. ஒரே செடியின் ஒரே பூவில் இருவகைத் தூள்களும் சமமாக இருந்தன. மரபுக்காரணிகள் இனச்செல்கள் உருவாகும்போது ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன என்னும் மெண்டலின் கருத்து, பிறக்கும் சந்ததியை எண்ணிப் பெற்ற ஊகமாகவே அதுவரை இருந்தது. அப்பிரிவைக் கண்ணால் காணச் செய்தது இச்சோதனை. மக்காச்சோளத்தில் இதே முடிவை அமெரிக்க ஆய்வாளர்கள் 1924ஆம் ஆண்டில்தான் வெளியிட்டனர்.

இச்சோதனைக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. மகரந்தத்தூளின் நிறத்தை வேறுபடுத்திய அதே காரணியே அரிசியின் தன்மையையும் வேறுபடுத்தியது. வேறு வகையில் கூறின், ஒரு காரணி இலையிலும் தண்டிலும் வெளித்தெரியாமல் இருந்து, மகரந்தத்திலும் மணியிலும் மட்டும் தன் செயலைக் காட்டியது. ஒரு மரபணு உடலெங்கும் இருந்தும் குறிப்பிட்ட திசுவில், குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் இயங்குவதே மரபணு வெளிப்பாடு எனப்படுகிறது. அத்தொடர் வழக்கிற்கு வருவதற்கு நெடுநாள் முன்பே அதன் தெளிவான எடுத்துக்காட்டு ஒன்று கோயம்புத்தூரின் நுண்ணோக்கியின்கீழ் காணப்பட்டுவிட்டது.

தன்மகரந்தச் சேர்க்கையும் மாறா விதையும்

அதே 1921ஆம் ஆண்டில் கோயம்புத்தூர் நிலையத்திலிருந்து ஜி.இ.பி. 24 என்னும் நெல் வகை வெளிவந்தது. அரசுப் பொருளாதாரத் தாவரவியலாளர் என்னும் பதவிப் பெயரின் முதலெழுத்துகளே இதன் பெயராயின. ஆத்தூர் கிச்சிலிச் சம்பாவில் இயற்கையாகத் தோன்றிய மாறுபாட்டிலிருந்து தெரிவுசெய்யப்பட்ட இந்நெல், நேர்த்தியான அரிசியால் பெயர்பெற்றது. பிற்கால நெல் வகைகள் பலவற்றின் மூதாதையாக இது அமைந்தது. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த திரூர்க்குப்பம் ஆய்வு நிலையத்தின் டி.கே.எம். 6 என்னும் வகை இதன் வழிவந்ததாகும். பிலிப்பைன்சில் உள்ள பன்னாட்டு நெல் ஆய்வு நிறுவனம் 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐ.ஆர். 20 வகைக்கு டி.கே.எம். 6 ஒரு பெற்றோராக அமைந்தது. தொண்டை மண்டலத்தில் தெரிந்தெடுக்கப்பட்ட நெல் மணிலா வழியாகத் தமிழக வயல்களுக்கே மீண்டு வந்தமை, உலக நெல் வரலாற்றில் இந்நிலப்பகுதிக்குரிய இடத்தைக் காட்டுகிறது.

இவ்வகைகள் அனைத்திற்கும் பொதுவான பண்பு ஒன்று உண்டு. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். தெரிவுசெய்து நிலைப்படுத்திய வகையில் தாய்வழிப் படியும் தந்தைவழிப் படியும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். எனவே அறுவடையில் எடுத்துவைத்த நெல் மறுபோகத்தில் பெற்றோரைப் போலவே வளரும். அரசு நிலையம் ஒருமுறை தந்த விதையை உழவர் கலப்பின்றிக் காத்தால் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம், அண்டை வீட்டாருக்கும் தரலாம். அறிவியலின் புதிய பயனும் விதை சேமிக்கும் பழைய வழக்கமும் இக்காலத்தில் ஒன்றோடொன்று முரண்படவில்லை.

நுண்ணோக்கியின் காலம்

மணியின் உள்ளே நிகழ்வதை விளக்கியது கருவியல். உருசிய அறிஞர் செர்கேய் நவாசின் 1898ஆம் ஆண்டில் பூக்கும் தாவரங்களின் இரட்டைக் கருவுறுதலை அறிவித்தார். பிரான்சின் லியோன் கினார் 1899இல் தனியாக இதனைக் கண்டறிந்தார். மகரந்தக்குழல் கொண்டுவரும் இரண்டு ஆண் இனச்செல்களுள் ஒன்று அண்டசெல்லோடு கூடிக் கருவாகிறது. மற்றொன்று தாயின் இரண்டு துருவ உட்கருக்களோடு கூடிக் கருவூணாகிறது. நாம் உண்ணும் அரிசியின் பெரும்பகுதி இக்கருவூணே. இதில் தாய்வழிப் படிகள் இரண்டும் தந்தைவழிப் படி ஒன்றும் உள்ளன. கரு அடுத்த தலைமுறையாக வளர, கருவூண் அதற்கு உணவாகித் தன் வாழ்வை முடித்துக்கொள்கிறது.

கருவூணின் வளர்ச்சியைத் தமிழர் நன்கறிந்த இளநீரைக் கொண்டு விளக்கலாம். இளநீர் என்பது செல்சுவர் தோன்றாமல் உட்கருக்கள் மட்டும் பிளந்து பெருகிய கருவூண் நீராகும். அதன் ஓரத்தில் செல்சுவர் தோன்றிப் படிவது வழுக்கை. அதுவே முற்றித் தேங்காய்ப் பருப்பாகிறது. நெல்லிலும் முதல் இரண்டு மூன்று நாள்கள் உட்கருக்களே பெருகுகின்றன. அதன்பின் செல்சுவர்கள் தோன்றுகின்றன. ஏறத்தாழ ஐந்தாம் நாள் முதல் மாவுப்பொருள் சேரத் தொடங்குகிறது. உழவர் குறிக்கும் பால் பருவம் உட்கரு பெருகும் நிலை அன்று. செல்கள் உருவாகி மாவுப்பொருள் சேரத் தொடங்கிய பிந்திய நிலையே அது.

இந்தியாவில் இத்துறை பஞ்சானன் மகேசுவரியின் தலைமையில் உலகப் புகழ் பெற்றது. அவருடைய பூக்கும் தாவரக் கருவியல் நூல் 1950ஆம் ஆண்டில் வெளிவந்து பல நாடுகளில் பாடநூலாயிற்று. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் அவரும் குசும் காந்தா, என்.எஸ். ரங்கசாமி ஆகியோரும் 1962ஆம் ஆண்டில் அபினிச் செடியின் சூல்களைச் சோதனைக்குழாயில் கருவுறச் செய்து விதையாக வளர்த்தனர். சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஜி.எல். சுவாமியும் அவர் மாணவர்களும் கருவூண் வகைகளை விரிவாக ஆராய்ந்தனர். ஒருவித்திலைத் தாவரங்களில் காணப்படும் எலோபியக் கருவூண் பற்றி அவரும் என். பரமேசுவரனும் எழுதிய மதிப்பாய்வு 1963ஆம் ஆண்டில் வெளிவந்தது. தமிழிலக்கியம் குறித்தும் தமிழ் மக்கள் குறித்தும் கன்னடத்தில் எழுதிய சுவாமி தமிழாய்வாளருக்கு வேறொரு முகத்தால் அறிமுகமானவர். அவருடைய அறிவியல் பணி இங்கு உரிய அளவில் பேசப்படவில்லை.

இக்காலத்து ஆய்வு வடிவங்களின் ஆய்வாகும். எந்த நாளில் எத்தனை செல்கள், எந்த வரிசையில் சுவர்கள் தோன்றின என்பதை அது துல்லியமாக வரைந்தது. அவ்வடிவங்களைத் தோற்றுவிப்பது எது என்னும் கேள்விக்கு விடைகாணும் கருவிகள் அன்று இல்லை.

ஓர் எழுத்து மாற்றமும் அரிசியின் இயல்பும்

பார்னெல் கண்ட காரணி பின்னர் வேக்சி மரபணு என அறியப்பட்டது. நெல்லின் ஆறாம் குரோமோசோமில் உள்ள இது, அமைலோஸ் என்னும் மாவுப்பொருள் வகையை உருவாக்கும் நொதிக்கான குறியீட்டைத் தாங்கியுள்ளது. அமைலோஸ் மிகுந்தால் சோறு உதிரியாக இருக்கும், குறைந்தால் குழையும். ஒட்டும் அரிசியில் அது ஏறத்தாழ இல்லை.

யப்பானிய அறிஞர் யோசியோ சானோ 1984ஆம் ஆண்டில் இம்மரபணுவின் செயலுள்ள வடிவங்கள் இரண்டு என வேறுபடுத்தினார். இந்தியாவில் மிகுதியாகப் பயிராகும் இண்டிகா நெல்லில் மரபணு முனைப்பாக இயங்கும் வடிவமும், கிழக்காசியாவின் யப்போனிகா நெல்லில் குறைவாக இயங்கும் வடிவமும் பெரும்பாலும் காணப்படுகின்றன. 1990களில் அதன் காரணம் தெளிவாயிற்று. மரபணுவின் செய்தி தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டதும் இடைப்பட்ட தேவையற்ற பகுதிகள் வெட்டி நீக்கப்பட வேண்டும். முதல் இடைப்பகுதியின் வெட்டுமுனையில் ஓர் எழுத்து மாறியிருப்பதால் யப்போனிகா வகைகளில் அவ்வெட்டு சரிவர நிகழ்வதில்லை. முழுமையான தூது ஆர்.என்.ஏ. குறைகிறது. நொதி குறைகிறது. அமைலோசும் குறைகிறது.

இரு வகை நெல்லிலும் மரபணு உண்டு, அது இயங்கும் அளவே வேறுபடுகிறது என்பது இதன்வழிப் பெறப்படும் உண்மையாகும். சென்னையில் வடிக்கும் உதிரிச் சோற்றுக்கும் டோக்கியோவில் குச்சியால் எடுத்துண்ணும் குழைந்த சோற்றுக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பங்கு, மணி உருவாகும் நாள்களில் கருவூண் செல்களுக்குள் ஒரு வெட்டு எவ்வளவு செவ்வையாக நிகழ்கிறது என்பதில் அடங்கியுள்ளது. உணவுப் பண்பாடு பற்றிய ஆய்வுகள் சமையல் முறையை மட்டுமன்றி அச்சமையல் தெரிந்தெடுத்த விதையின் உள்ளியக்கத்தையும் கருதவேண்டும் என்பதற்கு இது சான்றாகும்.

வீரிய ஒட்டு நெல்லும் முறிந்த உறவும்

இருவேறு வகைகளைக் கலந்து பெறும் முதல் தலைமுறைச் செடி பெற்றோர் இருவரினும் வீரியமாக வளர்வது உண்டு. சீன அறிஞர் யுவான் லாங்பிங்கும் அவர் குழுவினரும் 1970ஆம் ஆண்டில் ஐனான் தீவில் கண்டெடுத்த ஆண்மலட்டுக் காட்டுநெல்லைக் கொண்டு வீரிய ஒட்டு நெல்லை வணிகமுறையில் உருவாக்கும் வழியைக் கண்டனர். இந்தியாவின் முதல் வீரிய ஒட்டு நெல் வகைகள் 1994ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன. தமிழகத்தில் வெளிவந்த முதல் வகை கோ.ஆர்.எச். 1 ஆகும்.

வீரிய ஒட்டுச் செடியில் தாய்வழிப் படியும் தந்தைவழிப் படியும் வெவ்வேறானவை. அச்செடி இனச்செல்களை உருவாக்கும்போது குன்றல் பகுப்பில் இவை கலைந்து பிரிகின்றன. பார்னெலின் அயோடின் சோதனையில் பாதி கருநீலமாகவும் பாதி செம்பழுப்பாகவும் தெரிந்தது இப்பிரிவே. அன்று ஒரு மரபணுவில் கண்ட பிரிவு, வீரிய ஒட்டு நெல்லில் பல்லாயிரம் மரபணுக்களில் ஒருங்கே நிகழ்கிறது. அதன் அறுவடையை விதைத்தால் உயரத்திலும் பூக்கும் நாளிலும் மணியிலும் ஒவ்வாத பயிரே கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு போகத்திற்கும் உழவர் புதிய விதையை விலைக்கு வாங்க வேண்டியுள்ளது. 1921ஆம் ஆண்டில் அறிவியல் உண்மையாகக் கண்ட ஒரு நிகழ்வு, 1994ஆம் ஆண்டிற்குப்பின் உழவரின் செலவுக் கணக்கில் இடம்பெறலாயிற்று.

தாவர வகைகள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் சட்டம் 2001ஆம் ஆண்டில் இந்தியாவில் இயற்றப்பட்டது. பாதுகாக்கப்பட்ட வகையாயினும் அதன் விளைச்சலைச் சேமிக்கவும், விதைக்கவும், மறுபடி விதைக்கவும், பரிமாறவும், வணிக முத்திரை இடாமல் விற்கவும் உழவருக்கு உரிமை உண்டு என அச்சட்டத்தின் 39ஆம் பிரிவு கூறுகிறது. சட்டம் வழங்கிய இவ்வுரிமையை வீரிய ஒட்டு நெல்லைப் பொறுத்தவரை குன்றல் பகுப்பு பயனற்றதாக்கிவிடுகிறது. சேமிக்கும் உரிமை உண்டு, ஆயின் சேமித்தற்குரிய விதை இல்லை.

தந்தைவழி மரபணுவின் முதல் குரல்

இம்முரணைக் கடக்கும் வழி கருவுறா விதையாக்கத்தில் உள்ளது. குன்றல் பகுப்பும் கருவுறுதலும் இன்றித் தாயின் படியாகவே விதை உருவாவது அது. சில புல்லினங்களிலும் எலுமிச்சை இனங்களிலும் இது இயற்கையாக உண்டு. நெல்லில் இல்லை. நெல்லில் இதனைத் தோற்றுவிக்க இரண்டு தடைகள் நீங்கவேண்டும். குன்றல் பகுப்பு சமப்பகுப்பாக மாறவேண்டும். அண்டசெல் ஆண் இனச்செல் சேராமலே கருவாக வேண்டும்.

முதல் தடையில் இந்திய ஆய்வின் பங்கு குறிப்பிடத்தக்கது. ஐதராபாத்தில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் எம். ரவி, மோகன் மாரிமுத்து, இம்ரான் சித்திகி ஆகியோர், அராபிடாப்சிசுச் செடியில் தயாட் என்னும் ஒரே மரபணு மாறினால் குன்றாத பெண் இனச்செல்கள் உருவாவதை 2008ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மாரிமுத்து முதன்மை ஆசிரியராக அமைந்த பன்னாட்டுக் குழு, அச்செடியில் தாயின் படியாகவே விதைகள் பெறலாம் என்பதை 2011ஆம் ஆண்டில் காட்டியது. நெல்லில் மூன்று மரபணுக்களை முடக்கிக் குன்றல் பகுப்பைச் சமப்பகுப்பாக மாற்றும் முறையைப் பிரான்சு ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டில் உருவாக்கினர்.

இரண்டாம் தடை விதை வளர்ச்சியின் முதல் மணிநேரங்களைச் சார்ந்தது. கருவுற்ற அண்டசெல்லில் தொடக்கத்தில் காணப்படும் ஆர்.என்.ஏ. பெரும்பாலும் தாய்வழிப்பட்டதே. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிசு வளாகத்தில் வெங்கடேசன் சுந்தரேசன் குழுவினர் நெல்லின் இனச்செல்களையும் கருமுட்டையையும் தனித்தெடுத்து அவற்றின் ஆர்.என்.ஏ.வை ஆராய்ந்தபோது சில விதிவிலக்குகளைக் கண்டனர். அவற்றுள் பிபிஎம்1 என்னும் மரபணு முதன்மையானது. கருமுட்டையில் தொடக்கத்தில் இம்மரபணுவின் தந்தைவழிப் படியே இயங்குகிறது. இம்மரபணுவும் இதன் உறவு மரபணுக்கள் இரண்டும் முடக்கப்பட்டால் கருவளர்ச்சி நின்றுபோகிறது. தந்தைவழியாக இது வந்து சேர்ந்தால் கரு மீள்கிறது. கருவளர்ச்சியைத் தொடங்குமாறு அண்டசெல்லுக்குத் தந்தை தரும் குறிப்பு எனச் சுருங்கக் கூறலாம்.

அக்குறிப்பை அண்டசெல்லிலேயே இயங்கச் செய்தால் என்ன ஆகும் என்பதே அடுத்த சோதனை. இம்தியாசு காண்டேயை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு, அண்டசெல்லில் பிபிஎம்1 இயங்கினால் கருவுறாமலே கரு வளர்வதைக் காட்டியது. சமப்பகுப்பு முறையோடு இதனை இணைத்தபோது தாயின் படியான நெல்மணிகள் கிடைத்தன. அத்தகைய விதைகளின் விழுக்காடு அப்போது 30ஐ எட்டவில்லை. பிரான்சின் மோன்பெலியே ஆய்வாளர்களும் டேவிசு குழுவினரும் இணைந்து 2022ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட ஆய்வில், வணிக வீரிய ஒட்டு நெல் ஒன்றில் அது 95 விழுக்காட்டைக் கடந்தது. இம்முறையிலும் கருவூண் உருவாகக் கருவுறுதல் தேவைப்படுகிறது. கரு தந்தையின்றித் தோன்ற, அதற்குரிய உணவு தந்தையின் துணையோடு அமைகிறது.

மீளும் உரிமையும் எஞ்சும் வினாக்களும்

வீரிய ஒட்டு நெல்லின் விளைச்சலைச் சேமித்து விதைக்கக்கூடும் என்பதே இவ்வாய்வின் சமூகப் பொருளாகும். 2001ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லில் தந்ததை விதை உயிரியல் செயலில் தரும் வாய்ப்பு இதனால் உண்டாகிறது. ஆயினும் ஆய்வகத்திலிருந்து வயலுக்கு வருமுன் மூன்று வினாக்கள் எழுகின்றன.

முதலாவது உரிமம் பற்றியது. சேமிக்கத்தக்க விதையை உருவாக்கும் முறை காப்புரிமைக்கு உட்பட்டதாயின் அவ்விதையின் முதல் விலையையும் பயன்பாட்டு வரம்பையும் உழவர் தீர்மானிக்க இயலாது. இரண்டாவது ஒழுங்குமுறை பற்றியது. அயல் மரபணு எஞ்சாத சிலவகை மரபணுத் திருத்தங்களுக்கு இந்திய அரசு 2022ஆம் ஆண்டில் விதிவிலக்கு அளித்தது. அவ்வழியில் உருவான இரண்டு நெல் வகைகள் 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றான கமலா, கதிரில் மணிகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் மரபணுவைத் திருத்திப் பெறப்பட்டது. அண்டசெல்லில் பிபிஎம்1ஐ இயக்க வெளியிலிருந்து ஒரு மரபணுத் தொகுப்பைச் சேர்க்க வேண்டியிருப்பதால் அம்முறையைக் கையாண்ட நெல் இவ்விதிவிலக்கில் அடங்காது. மூன்றாவது பன்மை பற்றியது. தாயின் படியாகவே பெருகும் விதை வயல்தோறும் பரவினால் ஒரே நோய்க்கு அனைத்தும் இலக்காகக்கூடும். ஜி.இ.பி. 24 தோன்றியது கிச்சிலிச் சம்பாவில் நேர்ந்த எதிர்பாரா மாறுபாட்டால் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். மாறாத விதை உழவருக்குத் தேவை. மாறும் விதை வருங்காலத்திற்குத் தேவை.

முடிவுரை

பதரையும் கருக்காயையும் வேறுபடுத்திய வழக்குச் சொல்லிலிருந்து, கருமுட்டையில் தந்தைவழிப் படி மட்டும் இயங்கும் மரபணு வரை நெல்மணியின் முதல் நாள்களைப் பற்றிய அறிவு வளர்ந்துள்ளது. இவ்வரலாற்றில் கோயம்புத்தூரின் 1921ஆம் ஆண்டு ஆய்வுகள் இரட்டைப் பொருளுடையன. ஒரே நிலையத்திலிருந்து, ஒரே ஆண்டில், சேமித்து விதைக்கத்தக்க நிலையான நெல் வகையும், கலப்பினச் செடியின் விதை ஏன் நிலையாது என்பதைக் கண்முன் காட்டிய சோதனையும் வெளிவந்தன. பின்வந்த நூறாண்டு ஆய்வு இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவைக் குறைக்க முயன்ற வரலாறாகவே அமைந்துள்ளது.

ஐயங்கார்குளம் போன்ற ஏரிப்பாசன ஊர்களின் வேளாண் வரலாற்றை எழுதுவோர் நீர் உரிமையோடு விதை உரிமையையும் சேர்த்தெண்ண வேண்டும் என்பது இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிபாகும். உத்திரமேரூர்ச் சபையார் ஏரியைப் பொதுவெனக் கொண்டு அதற்கு வாரியம் அமைத்தனர். விதையின் உள்ளியக்கத்தைத் திருத்தும் ஆற்றல் ஆய்வகங்களின் கையில் வந்துள்ள இன்று, அவ்வாற்றலின் பயன் பொதுவாக அமையுமா, சிலரது உடைமையாகுமா என்பதை விதை வளர்ச்சியின் அறிவியல் தானே முடிவு செய்யாது. ஏரி வாரியத்தைப் போன்று, கூடி எடுக்கும் முடிவே அதற்கும் வேண்டப்படுகிறது.